யுரேனியச் சுரங்கத்துக்குப் பக்கத்து ஊர்

கதிரியக்க ஆபத்து என்றதும் களப்பணிக்கு வருகிறவர்கள் மனத்தில் ஒரு படம் எழும். சைரன் ஊதுகிறது, பேருந்துகள் வரிசையாக வருகின்றன, ஊரைக் காலி செய்கிறார்கள், ஆளுக்கொரு அயோடின் மாத்திரை தருகிறார்கள். கூடங்குளம் பற்றிய வாதப் பிரதிவாதங்களைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு அந்தப் படம் இன்னும் அழுத்தமாகவே பதிந்திருக்கும். அது அணு உலைக்கான படம். சுரங்கத்தில் உலையில் நடப்பது போன்ற அணுப்பிளவு இல்லை. கதிரியக்க அயோடினும் அங்கே ஒரு பிரச்சினையில்லை. எனவே அந்த மாத்திரைக்கு அங்கே வேலையே கிடையாது. சுரங்கக் கிராமத்தில் அதை விநியோகிக்க யாராவது முன்வந்தால், நன்றி சொல்லிவிட்டு அந்தப் பணத்தைத் தண்ணீர்ப் பரிசோதனைக்குக் கேட்டு வாங்குங்கள்.

இங்கே ஆபத்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது. குடத்துத் தண்ணீரில், வேலைக்குப் போய்த் திரும்பியவர் சட்டையில், சுவர் எழுப்ப இலவசமாகக் கிடைத்த கல்லில், கோடைக் காற்று கிளப்பும் தூசியில். இருபது முப்பது ஆண்டு கழித்து ஒருவருக்கு நோய் வந்தால், அது சுரங்கத்தால் வந்ததா என்று அந்த ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே ஆயத்தம் என்று இந்த அத்தியாயம் சொல்வதில் ஒரு பாதி வீட்டுப் பழக்கம், மறு பாதி கணக்கு எழுதுவது. ஊர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இரண்டாவதில்தான்.

பாறையில் மிஞ்சுவது

ஜார்க்கண்டின் கிழக்கு சிங்பூம் மாவட்டத்தில் இருக்கிறது ஜாதுகோடா. இந்தியாவின் முதல் யுரேனியச் சுரங்கம் அங்கேதான். 1967-இல் அமைக்கப்பட்ட இந்திய யுரேனியக் கழகத்தின் தலைமையிடமும் அதுவே. அந்தப் பகுதியிலேயே பிறகு பாட்டின், நர்வாபஹார், துராம்டி, பக்ஜாதா, பந்துஹுராங், மொஹுல்டி என்று சுரங்கங்கள் பெருகின. சுற்றிலும் சந்தால், ஹோ, முண்டா மக்களின் கிராமங்கள். ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்துத் தும்மலபள்ளேயில் 2012-இல் ஆலை ஓடத் தொடங்கியது. இந்த இரண்டு இடங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்தச் சுரங்கங்களின் தாதுவில் யுரேனியம் மிகக் குறைவு. ஒரு டன் பாறையை உடைத்து மாவாக்கினால் ஏறத்தாழ அரைக் கிலோ தேறும். மீதி அத்தனையும் கழிவுச்சேறு. அதில் ஒரு பகுதியைச் சுரங்கத்தின் காலி இடங்களில் திரும்ப நிரப்புகிறார்கள். எஞ்சிய நைஸான சேறு குழாய் வழியாகக் கழிவுக்குளத்துக்குப் போகிறது. யுரேனியத்தை எடுத்தாகிவிட்டதே, இனி என்ன பயம் என்று ஊர்க்கூட்டத்தில் ஒருவர் நிச்சயம் கேட்பார். நியாயமான கேள்வி. விடை இதுதான்: தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் சேற்றோடுதான் போகிறது. யுரேனியம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து சிதைந்து உண்டாக்கிய தோரியம்-230, ரேடியம்-226 போன்றவற்றை ஆலை எடுப்பதில்லை. ரேடியம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டு ஆகும். தோரியம்-230-க்கு சுமார் 75,000 ஆண்டு. ரேடியத்திலிருந்து ரேடான் என்ற வாயு ஓயாமல் பிறந்துகொண்டே இருக்கும். அதன் அரை ஆயுள் நான்கு நாளுக்கும் குறைவுதான். ஆனால் மூச்சோடு உள்ளே போனால் அதன் வாரிசுகள் நுரையீரலில் படிந்துவிடும்.

இவற்றிலிருந்து வரும் கதிர்களில் முக்கியமானது ஆல்பா. ஒரு காகிதம், ஏன், நம் தோலே அதைத் தடுத்துவிடும். அதே ஆல்பா வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ உடலுக்குள் புகுந்தால் கதை வேறு. ஊரில் பேசும்போது இதை முதலில் சொல்லுங்கள்: கழிவுக்குளத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் ஆகாது; அதன் ஓரத்தில் பந்து விளையாடிவிட்டுக் கை கழுவாமல் சோறு சாப்பிடுவதுதான் தவறு. இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாப் பழக்கங்களும் தானாகவே புரியும்.

தண்ணீர்

ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்றால், தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

யுரேனியம் தண்ணீரில் கரைந்து வரும்போது முதலில் தாக்குவது சிறுநீரகத்தை. அது கதிர்வீச்சால் அன்று, ஈயம் போன்ற கன உலோக நஞ்சாக. குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் நீண்டகாலம் 60 மைக்ரோகிராம் என்று வைத்திருந்தது. பழைய அறிக்கைகளில் ‘வரம்புக்குள்’ என்று எழுதியிருந்தால், எந்த வரம்பு என்று பாருங்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் யுரேனியம் போகாது. நீர் ஆவியாகி, மிஞ்சிய நீரில் அதன் அடர்த்தி கூடும். துணியில் வடிகட்டுவது, குளோரின் போடுவது, மெழுகுவத்தி வடிகட்டி வைப்பது எல்லாம் கிருமிக்கு ஆகும், இதற்கு ஆகாது. ஆர்.ஓ. கருவி யுரேனியத்தைப் பெருமளவு நீக்கும். ஆனால் அது வெளியே தள்ளும் கழிவு நீரில் நீக்கியதெல்லாம் செறிந்திருக்கும். அதைக் காய்கறிப் பாத்திக்கும் மாட்டுத் தொட்டிக்கும் திருப்பிவிடும் சிக்கனம் வேண்டாம். கூரை மழைநீர் நல்ல மாற்று. தூசி படிந்த கூரையாக இருக்கும் என்பதால், நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும். குழாய் நீரோ லாரித் தண்ணீரோ அளவாகத்தான் கிடைக்கிறது என்றால், அதைக் கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சமையலுக்கும் முதலில் ஒதுக்குங்கள். குளிக்கவும் துவைக்கவும் கிணற்று நீர் போதும்.

இனி அளப்பது. கைகர் கருவி வாங்கும் ஆசை ஒவ்வொரு குழுவுக்கும் வரும். அது ‘டிக் டிக்’ என்று சத்தம் போடும், செய்தியாளர் படம் எடுப்பார், கூட்டம் கூடும். மலிவான கைகர் கருவிகளில் பல ஆல்பாவைச் சரியாகப் பிடிப்பதில்லை, தண்ணீரில் கரைந்த யுரேனியத்தை அவற்றால் காண முடியாது, ரேடானையும் அளக்காது. சந்தேகத்துக்கிடமான கல்லையோ சாலையோரக் கொட்டலையோ தேடிக் கண்டுபிடிக்க அது உதவும். அதற்கு மேல் அதை நம்பி ஊருக்கு எதையும் அறிவிக்காதீர்கள். கிணற்றுப் பக்கம் காட்டிவிட்டு ‘தண்ணீர் நல்ல தண்ணீர்’ என்று சொல்லிவிடும் அபாயம்தான் பெரிது.

அதைவிடப் பயனுள்ளது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர். நீரில் கரைந்துள்ள மொத்த உப்பை அது காட்டும். கழிவுக்குளத்திலிருந்து நிலத்தடிக்குக் கசிவு இருந்தால் யுரேனியமும் ரேடியமும் மண்ணில் ஒட்டி ஒட்டி மெதுவாகத்தான் நகரும். சல்பேட், குளோரைடு, சோடியம் போன்ற உப்புகள் முந்திக்கொண்டு ஓடிவரும். ஆகவே ஒரு கிணற்றில் டி.டி.எஸ். மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால், ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்ப அதுவே நேரம். ஜாதுகோடா ஆலை கந்தக அமிலத்தால் யுரேனியத்தைக் கரைக்கிறது. அங்கே சல்பேட்டைக் கவனியுங்கள். தும்மலபள்ளே ஆலை சோடியம் கார்பனேட் வழியைப் பயன்படுத்துகிறது, அங்கே சோடியம்.

தும்மலபள்ளேயில் கழிவுக்குளம் இருக்கும் கொட்டாலா பக்கத்து விவசாயிகள் சில ஆண்டுகளிலேயே முறையிடத் தொடங்கினார்கள். வாழை கருகுகிறது, போர்வெல் தண்ணீர் மாறிவிட்டது, தோலில் அரிப்பு என்றார்கள். 2018-இல் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. குளத்தின் அடியில் போட வேண்டிய கசிவுத் தடுப்பு விரிப்பு அந்தச் சர்ச்சையின் மையமாக இருந்தது. நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வாழை கருகினால் உடனே ‘ரேடியேஷன்’ என்று எழுதிவிடாதீர்கள். சோடியம் மிகுந்த நீர் மண்ணை இறுக வைக்கும். பயிர் பட்டுப்போக அதுவே போதும். கதிரியக்கத்தை மட்டும் அளந்து ‘அளவோடுதான் இருக்கிறது’ என்று முடிவு வந்தால் விவசாயி பொய் சொன்னதாகிவிடும். உப்பையும் சேர்த்து அளந்திருந்தால் அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடைத்திருக்கும்.

மாதிரி எடுக்கும் முறையைக் கறாராகக் கடைப்பிடியுங்கள். முறை தவறிய மாதிரியை எதிர்த்தரப்பு ஒரே வரியில் தூக்கி எறிந்துவிடும். ஆறேழு நீர்நிலைகளைத் தேர்ந்தெடுங்கள். குளத்துக்கு மிக அருகில் ஒன்று, நீர் வடியும் திசையில் இரண்டு மூன்று, ஓடையில் ஆலைக்கு மேலே ஒன்று கீழே ஒன்று, சுரங்கத்தோடு சம்பந்தமே இல்லாத தூரத்து ஊரில் ஒன்று. கடைசியாகச் சொன்னதைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் மற்றவற்றுக்கு அர்த்தமில்லை. சுரங்கமே இல்லாத பஞ்சாப் கிணறுகளில் யுரேனியம் வரம்பு மீறி இருக்கிறது. பாறையிலிருந்தே அது இயற்கையாக நீரில் கலக்கும்.

அடிபம்பாக இருந்தால் ஐந்து பத்து நிமிடம் அடித்து, குழாயில் தேங்கியதை வெளியேற்றுங்கள். ஆய்வகம் தந்த புதிய பாலித்தீன் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். ஆய்வகமே முன்கூட்டி அமிலம் விட்டுத் தந்த பாட்டில் என்றால் மட்டும் அலசக் கூடாது. ஒவ்வொன்றிலும் இரண்டு பாட்டில்; ஒன்று ஆய்வகத்துக்கு, மற்றது சீல் வைத்து ஊரில். தேதி, மணி, இடம், ஆழம், எடுத்தவர் பெயர், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. சாட்சிகளில் ஒருவர் ஊர்த்தலைவராக இருக்கட்டும். சந்தால் ஊரில் அவரை மாஞ்ஜி என்பார்கள், ஹோ ஊரில் முண்டா என்பார்கள். மழைக்கு முன் ஒரு முறை, மழை முடிந்து ஒரு முறை, ஆண்டுதோறும் அதே கிணறுகளில். ஒரே ஆண்டில் நாற்பது கிணறுகளைச் சோதித்துவிட்டு ஓய்வதைவிட, ஆறு கிணறுகளைப் பத்து ஆண்டு தொடர்வதையே நான் பரிந்துரைப்பேன்.

உங்கள் பகுதியில் சுரங்கம் இன்னும் வரவில்லை, நில அளவையும் துளையிடுதலும்தான் நடக்கின்றன என்றால், நீங்கள் அதிர்ஷ்டசாலிகள். இந்தக் கணக்கை இன்றே தொடங்குங்கள். முதல் லாரி வருவதற்கு முன் எழுதிய ஒரு பக்கத்துக்கு இருக்கும் மதிப்பு, அதற்குப் பின் எழுதும் நூறு பக்கத்துக்கு இருக்காது.

கல், தூசி, சட்டை

தாதுவை அடையும் வழியில் தோண்டிப் போட்ட பாறை மலையாகக் குவிந்து கிடக்கும். நல்ல கருங்கல், விலையும் இல்லை. ஜாதுகோடா சுற்றுவட்டாரத்தில் இத்தகைய கல் வீட்டுக்கும் சாலைக்கும் போனதாகச் செய்திகள் உண்டு. அமெரிக்காவில் நவஹோ பழங்குடி நிலத்தில் அது பெரிய அளவில் நடந்தது. அங்கே 500-க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் தோண்டிக் கைவிடப்பட்டன. அவற்றின் கற்களாலும் மண்ணாலும் கட்டிய வீடுகளை அரசின் சுற்றுச்சூழல் நிறுவனம் பல பத்தாண்டுகள் கழித்து அளந்து பார்த்து, சிலவற்றை இடித்து வேறு கட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கல்லில் எல்லாமே ஆபத்தானது என்றில்லை; எது ஆபத்து என்று பார்வையால் பிரிக்க முடியாது என்பதே சிக்கல். கிராம சபையில் ஒரு தீர்மானம் போடுங்கள்: சுரங்கக் கல் ஊருக்குள் வராது, பஞ்சாயத்துச் சாலைக்கும் வராது, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவருக்கும் வராது. ஏற்கெனவே கட்டிவிட்டவர்களைக் குற்றவாளியாக்க வேண்டாம். அங்கேதான் கைகர் கருவி உண்மையில் வேலை செய்யும். இரவல் வாங்கி, திண்ணை, அடுப்படி, படுக்கும் இடம் என்று அளந்து எழுதிவையுங்கள்.

சுரங்கத்தில் வேலை செய்பவர் சீருடையோடு வீட்டுக்கு வந்து, மனைவி அதைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைப்பது ஊர்ப்பழக்கமாகவே ஆகிவிடுகிறது. சுரங்க வாசலிலேயே குளித்து உடை மாற்றும் வசதியும், சீருடையை அங்கேயே சலவை செய்யும் ஏற்பாடும் நிர்வாகத்தின் பொறுப்பு. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் சேர்த்தே. அதைத் தொழிற்சங்கம் கேட்க வேண்டும். அது வரும்வரை சட்டையை வாசலில் கழற்றி, தனி வாளியில் ஊறவைத்து, உதறாமல் துவைக்கச் சொல்லுங்கள். உதறினால்தான் தூசி மூக்கில் ஏறும்.

தாது லாரிகள் தார்ப்பாய் போர்த்திப் போகின்றனவா என்று பார்ப்பது பள்ளிப் பிள்ளைகள் கூடச் செய்யக்கூடிய வேலை. வண்டி எண், தேதி, மணி, மூடியதா திறந்ததா. ஒரு வாரம் குறித்தால் ஒரு மனுவுக்குப் போதும். வழியில் சிந்திய கல்லைப் பிள்ளைகள் பொறுக்க வேண்டாம். ஆலையில் தயாராகும் மஞ்சள் நிற யுரேனியப் பொருளை உருளைகளில் அடைத்து ஹைதராபாத் அணு எரிபொருள் வளாகத்துக்கு அனுப்புகிறார்கள். அப்படி ஒரு வண்டி கவிழ்ந்தால் வேடிக்கை பார்க்கப் போகாமல், காற்று வரும் பக்கமாக விலகி நின்று காவல் துறைக்குச் சொன்னால் போதும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிழங்கு வகைகளை நன்றாகக் கழுவித் தோல் சீவுங்கள். கழிவுக்குளத்தில் இறங்கி மேயும், அதன் நீரைக் குடிக்கும் ஆடு மாட்டின் சிறுநீரகம், ஈரல், எலும்பு ஆகியவற்றைத் தவிருங்கள். யுரேனியமும் ரேடியமும் சேரும் உறுப்புகள் அவை. குளத்திலிருந்து நீர் வழியும் ஓடையில் மீன் பிடிக்க வேண்டாம். வேலி அறுந்திருந்தால் அதை நோட்டில் குறித்து, கடிதமாகவும் கொடுங்கள்.

வீட்டுக்குள் காற்று

ரேடான் வெட்டவெளியில் கலைந்துவிடும். மூடிய அறையில் தரைவிரிசல் வழியாக ஏறித் தங்கும். உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் ஒரு கனமீட்டருக்கு 100 பெக்கரல் என்ற அளவைப் பரிந்துரைக்கிறது. முடியாத நாடுகள் 300-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அளக்க ஒரு சிறு பிளாஸ்டிக் படலம் போதும். டப்பாவில் வைத்து மூன்று மாதம் தொங்கவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பல பல்கலைக்கழக இயற்பியல் துறைகளில் இதைச் செய்கிறார்கள். மழையிலும் குளிரிலும் கதவடைத்துத் தூங்கும் மாதங்களில் தொங்கவிடுங்கள்.

கிழக்கு சிங்பூம் சந்தால் வீடுகள் அழகானவை. வழவழவென்று பூசிய மண்சுவர், வண்ணக் கோலங்கள். ஜன்னல்தான் அரிது. அந்த வீட்டைக் குறை சொல்லி ஆலோசனை தொடங்காதீர்கள். கூரைக்கடியில் எதிரெதிராக இரண்டு காற்றுத் துளை, தரை விரிசலை அவ்வப்போது பூசுவது, காலையில் கதவை அகலத் திறந்துவைப்பது போதும். அடுப்புப் புகைக்கும் அதுவே மருந்து என்பதால் பெண்கள் உடனே ஒத்துக்கொள்வார்கள். கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ரேடானும் பீடியும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு பல மடங்கு ஏறும். சுரங்கத் தொழிலாளி பீடியை விடுவது, ஊர் எடுக்கக்கூடிய பாதுகாப்பு நடவடிக்கைகளில் செலவே இல்லாதது.

நோய், வதந்தி, நோய்க்கணக்கு

கதிரியக்கத்தால் வந்த நோய் தொற்றாது. ஒருவரைத் தொட்டால், அவர் வீட்டில் சாப்பிட்டால், அவரைக் கல்யாணம் செய்தால் ஒட்டாது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஜாதுகோடா பக்கத்து ஊர்ப் பெண்களை மருமகளாக எடுக்க வெளியூரார் தயங்குவதாக அங்கிருந்து வரும் செய்திகள் தொடர்ந்து சொல்கின்றன. ஊனத்தோடு பிறந்த குழந்தையின் படத்தைப் பதாகையில் அச்சிடும் இயக்கங்களும் இந்த அவப்பெயருக்குத் தம் பங்கைச் செலுத்துகின்றன. நோக்கம் நல்லதுதான், சுமப்பது அந்தக் குடும்பம்.

அந்தப் பகுதியில் பிறவி ஊனம் அதிகம் என்று 2007-இல் ஒரு மருத்துவர் அமைப்பு நடத்திய ஆய்வு சொன்னது. கதிர்வீச்சால் பாதிப்பில்லை என்று நிறுவனமும் அரசுத் தரப்பும் சொல்லிவந்தன. ஒப்பிட்டுப் பார்க்கச் சுரங்கத்துக்கு முந்தைய முறையான நோய்க்கணக்கு இருந்திருந்தால் வாதம் இத்தனை ஆண்டு இழுத்திருக்காது. கூட்டங்களில் கேரளத்தின் கருநாகப்பள்ளியையும் எடுத்துப்போடுவார்கள். அங்கே கடற்கரை மணலில் தோரியம் மிகுதி, மக்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். 2009-இல் வெளிவந்த ஆய்வு புற்றுநோய் கூடியிருப்பதைக் காணவில்லை. அது உண்மை. ஆனால் அங்கே அளந்தது பெரும்பாலும் மணலிலிருந்து வெளியே வரும் காமாக் கதிரை. அரைத்த தாதுவின் தூசி, கரைந்த யுரேனியம், சுரங்க ரேடான் பற்றி அந்த ஆய்வை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. இதை அமைதியாகச் சொல்லிவிட்டு உங்கள் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

கணக்கு என்றால் பெரிய மென்பொருள் ஒன்றும் வேண்டாம். கோடு போட்ட தடித்த நோட்டு ஒன்று. ஜார்க்கண்டில் ஆஷா பணியாளரைச் சஹியா என்பார்கள். அவரும் அங்கன்வாடிப் பணியாளரும் சேர்ந்து எழுதலாம். ஒவ்வொரு பிறப்பு, எடை, கருச்சிதைவு, இறந்து பிறந்தது, ஒவ்வொரு இறப்பும் மருத்துவர் சொன்ன காரணமும், யார் சுரங்கத்தில் எந்த வேலையில் எத்தனை ஆண்டு, எந்தக் கிணற்றுத் தண்ணீர். வீட்டுக்கு ஒரு பக்கம். பெயர்களை வெளியாருக்குக் காட்டக் கூடாது. வீட்டு எண் போதும். தூரத்து ஊரிலும் இதே நோட்டு இருக்க வேண்டும்.

உடல் பரிசோதனை முகாம் நடத்தினால் ‘கதிர்வீச்சு டெஸ்ட்’ என்று ஏதும் கேட்காதீர்கள். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின், ரத்த அழுத்தம். இவை சிறுநீரகத்துக்கு. சுரங்கத் தொழிலாளிக்கு மார்பு எக்ஸ்ரே. கல் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பது நாடெங்கும் சுரங்கப் பகுதிகளில் நடக்கிறது. ஒருவருக்கு இரண்டாவது முறையும் காசநோய் என்று எழுதினால், அவர் என்ன வேலை செய்தார் என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். சிலிக்கோசிஸ் இழப்பீடு பெறத்தக்க தொழில்நோய். சான்றிதழ் இல்லாமல் ஒன்றும் நகராது.

குழாய் உடைந்தால்

2006 டிசம்பர் 24 அன்று ஜாதுகோடா ஆலையிலிருந்து கழிவுக்குளத்துக்குப் போகும் குழாய் டுங்ரிடி கிராமத்துக்குப் பக்கத்தில் உடைந்தது. சேறு ஓடையில் கலந்தது. முதலில் கண்டு சொன்னவர்கள் ஊரார்தான். தானாக எச்சரிக்கும் ஏற்பாடு இல்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 1979 ஜூலை 16 அன்று சர்ச் ராக் கழிவுக்குளத்தின் கரை உடைந்தபோது சுமார் 1,100 டன் சேறும் 35 கோடி லிட்டருக்கு மேல் அமில நீரும் புவெர்க்கோ ஆற்றில் பாய்ந்தன. அந்த ஆற்றில்தான் நவஹோ மக்கள் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள். அதே ஆண்டு மார்ச்சில் நடந்த மூன்று மைல் தீவு உலை விபத்து உலகத்துக்கே தெரியும். சர்ச் ராக்கைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

ஆகவே குழாய் எந்தப் பாதையில் போகிறது, எந்த ஓடையைத் தாண்டுகிறது, எங்கே கரை தாழ்வு என்று ஊரே ஒரு வரைபடம் வைத்திருக்க வேண்டும். உடைந்தால் முதல் வேலை கால்நடையை ஓடையிலிருந்து ஓட்டுவது. இரண்டாவது, கீழ்ப்பக்கத்து ஊர்களுக்குச் சொல்வது, அவரவர் மொழியில். சந்தாலி பேசும் பாட்டிக்கு இந்தியில் வரும் குறுஞ்செய்தி பயன்படாது. டமாரமோ பள்ளி மணியோ பயன்படும். எந்த ஓசைக்கு என்ன பொருள் என்று முன்பே பேசிவையுங்கள். அதற்குப் பிறகு நிர்வாகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் தொலைபேசி; யார் பேசினார்கள், எத்தனை மணிக்கு, மறுமுனையில் யார் என்பதையும் எழுதுங்கள். மணி தெரியும்படி படம் எடுங்கள். சேற்றில் இறங்காமல் கரையிலிருந்தே, கையுறையோடு, ஒரு மாதிரி. மாற்றுத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அன்று விடை தேடக் கூடாது. பக்கத்து ஊர்த் தொட்டி, டிராக்டர், டேங்கர் ஆள் எல்லாம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

சேறு காய்ந்தபின் ‘சுத்தம் செய்தாயிற்று’ என்பார்கள். எவ்வளவு ஆழம் மண் எடுத்தார்கள், எங்கே கொட்டினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்த இரண்டு மழைக்காலம் அந்த ஓடையின் கீழ்ப்பக்கக் கிணறுகளில் மாதிரி எடுங்கள். ஓரத்து வயல்காரர்கள் அந்த மண்ணை எரு என்று அள்ளிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் எழுதும் அறிக்கை

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அனுமதி பெற்ற நிறுவனம் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றியது என்று ஆண்டுக்கு இரு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். ஊரில் ஒருவர் அதை அச்செடுத்து வைப்பதைத் தம் வேலையாக எடுத்துக்கொள்ளட்டும். வாசிக்கும்போது மூன்று இடங்களில் நிறுத்துங்கள். ‘கண்டறியத்தக்க அளவுக்குக் கீழ்’ என்றிருந்தால், அந்தக் கருவி கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவு எவ்வளவு என்று கேளுங்கள். அதுவே 30 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் அந்த வரிக்குப் பொருளில்லை. ‘சராசரி’ என்றிருந்தால் தனித்தனிக் கிணற்று எண்களைக் கேளுங்கள். பத்து நல்ல கிணறுகளுக்குள் ஒரு கெட்ட கிணறு ஒளிந்துகொள்ளும். அலகு மாறியிருந்தால் பொறுமையாக மாற்றிப் போடுங்கள்: லிட்டருக்கு 0.03 மில்லிகிராமும் 30 மைக்ரோகிராமும் ஒன்றே.

பணம் எங்கே என்ற கேள்விக்கு மாவட்டக் கனிம அறக்கட்டளை ஒரு விடை. சுரங்க நிறுவனங்கள் கட்டும் தொகையில் குடிநீர், சுகாதாரம், சுற்றுச்சூழல் ஆகியவை முன்னுரிமைச் செலவுகள். கிழக்கு சிங்பூம் ஐந்தாவது அட்டவணைப் பகுதி. கிராம சபைத் தீர்மானத்துக்கு அங்கே கூடுதல் எடை உண்டு. ஆர்.ஓ. கருவி வேண்டும் என்று பொதுவாகத் தீர்மானம் போடாதீர்கள். இன்ன கிணறு, இன்ன தேதி, இவ்வளவு அளவு, இத்தனை வீடு என்று இணைப்போடு போடுங்கள். கழிவு நீர் எங்கே போகும், வடிகட்டி மாற்ற யார் பணம் தருவார் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

மழை முடிந்து நவம்பரில் எடுத்த மாதிரிகளின் முடிவு வரவும் டிசம்பர் அறிக்கை வெளியாகவும் சரியாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, கிணறு கிணறாக ஒரே தாளில் இரண்டு பத்தியில் எழுதுங்கள். வேறுபாடு பெரிதாக இருக்கும் கிணறுகளுக்குச் சீல் வைத்த இரண்டாவது பாட்டிலை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த ரசீதின் நகலோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள்.